ஏற்காடு இடைத்தேர்தலும் அமெரிக்க ஆட்சிமுறையும்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் அரசாங்க அமைப்புகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுவது என் வழக்கம். இடப்பக்கம் நாடாளுமன்ற முறை, இந்தியா. வலப்பக்கம் அதிபர் முறை, அமெரிக்கா. கீழே ஐந்து வேறுபாடுகள். மாணவர்கள் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடும். இப்படியே பல ஆண்டுகள் போயின.

சமவெளிப் பள்ளியிலிருந்து மாறுதலில் ஏற்காட்டுக்கு வந்த பிறகு, ஒரு மழைநாள் மதியம் அந்த அட்டவணையை முடித்துவிட்டு, "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்று கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்க எம்.எல்.ஏ. இறந்தப்ப இங்க மறுபடியும் ஓட்டு வெச்சாங்கன்னு பாட்டி சொல்லுச்சு. அமெரிக்காவுல அதிபர் இறந்துட்டா நாடு முழுக்க மறுபடி ஓட்டு வெப்பாங்களா சார்?"

"வைக்க மாட்டாங்கம்மா. துணை அதிபர் அதிபராகிடுவார்" என்றேன்.

"அப்ப இங்க மட்டும் ஏன் ஓட்டு வெச்சாங்க?"

எம்.எல்.ஏ. வேறு, அதிபர் வேறு என்று தொடங்கினேன். எங்கெங்கோ சுற்றினேன். மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. ஐந்து வேறுபாடுகளை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அவை ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த சில வாரங்கள் பாடத்தை வேறு விதமாக நடத்தினேன். அட்டவணையை அழித்துவிட்டு, பிள்ளைகளின் வீடுகளில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டேன். அது 2013 டிசம்பர் 4 அன்று நடந்த ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல். அமெரிக்க ஆட்சிமுறையின் அடிப்படைக் கருத்துகள் பலவற்றை இந்த ஒரு தேர்தலைக் கொண்டே விளக்க முடிந்தது. சக ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஓர் இடம் காலியானால் என்ன ஆகும்?

2013 ஜூலையில் ஏற்காடு தொகுதி உறுப்பினர் காலமானார். நம் நாட்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 151ஏ பிரிவின்படி, இப்படிக் காலியாகும் இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் விலக்கு உண்டு. அதனால்தான் டிசம்பரில் இங்கே தேர்தல் வந்தது.

அமெரிக்காவிலும் இதே முறை உண்டு, ஆனால் சட்டமன்றத்துக்கு மட்டும். அங்கே நாடாளுமன்றத்தின் பெயர் காங்கிரஸ். அதில் இரண்டு அவைகள்: 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபை, 100 உறுப்பினர் கொண்ட செனட் சபை. பிரதிநிதிகள் சபையில் ஓர் இடம் காலியானால் கட்டாயம் தேர்தல்தான்; யாரையும் நியமிக்க முடியாது. செனட்டில் காலியானால், தேர்தல் நடக்கும்வரை ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஆளுநருக்குத் தரலாம். 1913-இல் வந்த 17-ஆவது திருத்தம் இதை அனுமதிக்கிறது.

அதிபர் பதவி அப்படியல்ல. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றே, டல்லாஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே துணை அதிபர் ஜான்சன் பதவியேற்றார். தேர்தல் நடக்கவில்லை. அதிபரும் துணை அதிபரும் ஒரே சீட்டில், நான்கு ஆண்டுகளுக்கு என்று சேர்த்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதே காரணம்.

அப்படியானால் இங்கே ஒரு முதலமைச்சர் பதவியில் இருக்கும்போது காலமானால்? 2016 டிசம்பர் 5 நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்று நள்ளிரவு கடந்து புதிய முதலமைச்சர் பதவியேற்றார். ஆனால் அது தானாக நடந்ததில்லை. பெரும்பான்மைக் கட்சியின் உறுப்பினர்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த பிறகே ஆளுநர் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். காலியான ஆர்.கே.நகர் தொகுதிக்கோ தனியாக இடைத்தேர்தல் நடந்தது. அதாவது முதலமைச்சராக இருந்தவரிடம் இரண்டு பொறுப்புகள் இருந்தன: ஒரு தொகுதியின் உறுப்பினர், அரசின் தலைவர். முதல் பொறுப்பை நிரப்ப மக்களும், இரண்டாவதை நிரப்பச் சட்டமன்ற உறுப்பினர்களும் வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வகுப்பு புரிந்துகொண்டது. நம் முறையில் அரசாங்கம் சட்டமன்றத்துக்குள்ளிருந்து எழுகிறது. அமெரிக்க முறையில் அரசாங்கம் சட்டமன்றத்துக்கு வெளியே தனியாக நிற்கிறது.

இரண்டு வாக்குகள், இரண்டு கயிறுகள்

"அதிகாரப் பிரிவினை" என்ற சொல்லை இப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். 1787-இல் பிலடெல்பியாவில் வரையப்பட்டு 1789-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் மூன்று பிரிவுகளே இதைக் காட்டும். முதல் பிரிவு சட்டமன்றம். இரண்டாவது அதிபர். மூன்றாவது நீதிமன்றம். ஒருவர் ஒரே நேரத்தில் காங்கிரஸ் உறுப்பினராகவும் அமைச்சரவையிலும் இருக்க முடியாது. நம் நாட்டில் நேர்மாறு: அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் அவையின் உறுப்பினராகியே தீர வேண்டும்.

பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னேன். நம் ஊரில் ஒருவர் ஒரே வாக்கைப் போடுகிறார். அந்த ஒரு கயிறுதான் உறுப்பினரையும் இழுக்கிறது, அவர் வழியாக அரசாங்கத்தையும் இழுக்கிறது. அமெரிக்க வாக்காளர் கையில் தனித்தனிக் கயிறுகள். ஒன்று அதிபருக்கு, ஒன்று பிரதிநிதிகள் சபைக்கு, ஒன்று செனட்டுக்கு. எனவே அதிபர் ஒரு கட்சியாகவும் காங்கிரஸ் இன்னொரு கட்சியாகவும் இருக்கலாம். பல முறை அப்படி இருந்திருக்கிறது.

அப்படி இருந்தால் என்ன ஆகும்? 1999 ஏப்ரல் 17 அன்று நம் மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் மத்திய அரசு கவிழ்ந்தது. அமெரிக்காவில் இது நடக்காது. காங்கிரசுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதிபர் பதவி போகாது. கடுங்குற்றம் சாட்டி, பிரதிநிதிகள் சபை குற்றச்சாட்டை நிறைவேற்றி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் நீக்க முடியும்.

அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. அதிபரும் காங்கிரசும் செலவு மசோதாவில் உடன்படாவிட்டால், யாரும் கவிழ மாட்டார்கள். ஆனால் அரசு அலுவலகங்கள் மூடிக்கொள்ளும். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள்கள் அப்படி நடந்தது. லட்சக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் உரிய நாளில் வரவில்லை. இதைக் கேட்டதும், "சார், உங்களுக்கும் அப்படி ஆகுமா?" என்று ஒரு மாணவன் கேட்க, வகுப்பு சிரித்தது. இங்கே வரவு செலவுத் திட்டம் அவையில் தோற்றால் அரசே பதவி விலக வேண்டும், அதனால் இழுபறி அந்த அளவுக்குப் போகாது என்று விளக்கினேன்.

தேர்தலை நடத்துவது யார்?

2013-இல் நான் சமவெளியில் ஒரு பள்ளியில் இருந்தேன். இந்த இடைத்தேர்தலில் மலைக்கிராம வாக்குச்சாவடி ஒன்றில் பணி. முதல்நாள் மாலையே இயந்திரங்களோடு வண்டியில் ஏற்றிவிட்டார்கள். இரவு பள்ளி வகுப்பறையில் படுத்தோம். டிசம்பர் குளிருக்குக் கொண்டுபோன போர்வை போதவில்லை. அந்த இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே ஒரு புதிய பொத்தான் இருந்தது. "மேற்கண்ட யாருக்கும் வாக்கில்லை", அதாவது நோட்டா.

நோட்டா 2014 நாடாளுமன்றத் தேர்தலில் அறிமுகமானது என்று பலரும் சொல்கிறோம். நாடு தழுவிய பொதுத்தேர்தலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 2013 நவம்பர், டிசம்பரிலேயே சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மிசோரம், டெல்லி சட்டமன்றத் தேர்தல்களில் அது வந்துவிட்டது. டெல்லி வாக்களித்த அதே டிசம்பர் 4 அன்றுதான் ஏற்காடும் வாக்களித்தது. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தானை முதன்முதலில் அழுத்தியவர்கள் இந்தத் தொகுதி மக்கள்தான். இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல்லுக்கும் தங்கள் பாட்டியின் விரலுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

டெல்லியிலும் ஏற்காட்டிலும் ஒரே நாளில் ஒரே பொத்தான் எப்படி வந்தது? அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவின்படி நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்கள் அனைத்தையும் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் ஒன்றே. அது ஆணையிட்டால் நாடு முழுவதும் நடக்கும்.

அமெரிக்காவில் இப்படித் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஓர் அமைப்பு உண்டு; ஆனால் அதன் வேலை தேர்தல் செலவு, நன்கொடைக் கணக்குகளைக் கண்காணிப்பதுதான். பெயரைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக் கூடாது. வாக்காளர் பதிவு, வாக்குச்சீட்டின் வடிவம், எண்ணும் முறை எல்லாம் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் சட்டப்படி நடக்கின்றன. 50 மாநிலங்களில் நெவாடா மாநிலம் மட்டும் 1975-இல் ஒரு சட்டம் இயற்றி, அதிபர் தேர்தலிலும் மாநிலம் தழுவிய பதவிகளுக்கான தேர்தல்களிலும் "இவர்களில் யாரும் இல்லை" என்ற வரியை வாக்குச்சீட்டில் சேர்த்தது. பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவில் அது இல்லை. கூட்டாட்சி என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே மாநிலங்கள் சேர்ந்து ஒன்றியத்தை உண்டாக்கின. தாங்கள் விட்டுக்கொடுக்காத அதிகாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. இங்கே அரசியலமைப்பே ஒன்றியம், மாநிலம், பொது என்று மூன்று பட்டியல்கள் போட்டுப் பங்கிட்டது. பட்டியலில் இல்லாததை ஒன்றியத்துக்குக் கொடுத்தது.

நீதிமன்றம் எங்கே வருகிறது?

2011 சட்டமன்றத் தேர்தலில் வேறோர் இடத்தில் நான் வாக்குப்பதிவு அலுவலராக இருந்தேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வந்து, "நான் யாருக்கும் ஓட்டுப் போடல, 49ஓ எழுதிக்கங்க" என்றார். தேர்தல் நடத்தை விதிகள் 1961-இன் 49ஓ விதி அதற்கு இடமளித்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது எங்களிடம், வாய்விட்டு. 17ஏ பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். உட்கார்ந்திருந்த முகவர்கள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையொப்பமிடும்போது கை லேசாக நடுங்கியது. சின்ன ஊர். மறுநாள் அவர் எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும்.

வாக்களிப்பவருக்கு உள்ள இரகசியம், யாருக்கும் வாக்களிக்காதவருக்கு ஏன் இல்லை? மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-இல் தொடுத்த வழக்கின் கேள்வி இதுதான். 2013 செப்டம்பர் 27 அன்று, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவரான தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. இரகசியத்தைக் காக்காத அளவில் 49ஓ போன்ற விதிகள் சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் முரணானவை, இயந்திரத்தில் தனிப் பொத்தான் வைக்க வேண்டும் என்றது. பத்து வாரத்துக்குள் அந்தப் பொத்தான் ஏற்காட்டு மலைக்கு வந்துவிட்டது.

சட்டமன்றமோ நிர்வாகமோ செய்ததை, அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் செல்லாததாக்குவதற்கு நீதிப்புனராய்வு என்று பெயர். இதற்கு வழிகாட்டியது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தந்த தீர்ப்பு. அந்த அதிகாரம் அமெரிக்க அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை; நீதிமன்றம் தீர்ப்பின் வழியே நிலைநாட்டியது. நம் அரசியலமைப்பிலோ 13, 32, 226 ஆகிய பிரிவுகள் அதற்கு எழுத்திலேயே இடம் தந்திருக்கின்றன.

நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தது

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "நோட்டாவுக்கு அதிக வாக்குகள் கிடைத்தால் மறுதேர்தல் நடக்கும்" என்று சில ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேர்தல் பணியே செய்த நான், எங்கோ கேட்டதைச் சரிபார்க்காமல் சொன்னேன். அது தவறு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை வாக்குகள் விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்குகள் பெற்றவரே வெற்றி பெற்றவர்.

ஏற்காட்டில் முதலிடம் பெற்றவருக்கு 1,42,771 வாக்குகள். அடுத்தவருக்கு 64,655. வித்தியாசம் 78,116. நோட்டாவுக்கு 4,431. களத்தில் இருந்த சுயேச்சைகளைவிட நோட்டா அதிகம் பெற்றது. முடிவை அது மாற்றவில்லை. நெவாடாவிலும் இப்படித்தான். 2014-இல் ஆளுநர் பதவிக்கான ஒரு கட்சியின் முதனிலைத் தேர்தலில் "யாரும் இல்லை" என்பதே முதலிடம் பெற்றது. ஆனால் அடுத்து வந்த மனிதரே வேட்பாளரானார்.

"அப்ப அந்தப் பொத்தான் எதுக்கு சார்?" என்று கேட்டார்கள். 2011-இல் கை நடுங்கக் கையெழுத்திட்ட அந்த மனிதரின் கதையைத் திரும்பச் சொன்னேன். அந்த 4,431 பேரில் ஒருவர்கூட யார் முன்பும் கையெழுத்திட வேண்டியிருக்கவில்லை.

23 பெரிதா, 12 பெரிதா?

அமெரிக்க அதிபர் தேர்தல் முறையைப் புரியவைக்க ஒரு விளையாட்டு வைத்தேன். வகுப்பில் 35 பேர். மூன்று "மாநிலங்களாக" உட்காரவைத்தேன்: நாகலூர் 15 பேர், வெள்ளக்கடை 11 பேர், மஞ்சக்குட்டை 9 பேர். அதிபர் வேட்பாளர்கள் இருவர்: காபி, மிளகு. யார் யாருக்கு வாக்களிப்பது என்று முன்பே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாகலூருக்கு 5 தேர்வாளர்கள், வெள்ளக்கடைக்கு 4, மஞ்சக்குட்டைக்கு 3. மொத்தம் 12, வெற்றிக்கு 7 வேண்டும். ஒரு மாநிலத்தில் முந்துபவருக்கு அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும்.

நாகலூரில் காபி 14, மிளகு 1. ஐந்தும் காபிக்கு. வெள்ளக்கடையில் காபி 5, மிளகு 6. நான்கும் மிளகுக்கு. மஞ்சக்குட்டையில் காபி 4, மிளகு 5. மூன்றும் மிளகுக்கு. கூட்டிப் பார்த்தால் மிளகு 7, காபி 5. மிளகு அதிபர். ஆனால் தலைகளை எண்ணினால் காபிக்கு 23 பேர், மிளகுக்கு 12 பேர்!

வகுப்பே எழுந்துவிட்டது. "அநியாயம் சார்!" என்று நாகலூர்க்காரர்கள் கத்தினார்கள். 2000-இலும் 2016-இலும் உண்மையிலேயே இப்படி நடந்தது என்றேன். 2016-இல் தோற்றவர், வென்றவரைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். அங்கே மொத்தத் தேர்வாளர்கள் 538, வெற்றிக்கு 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த எல்லா மாநிலங்களிலும் முந்துபவருக்கே அனைத்தும்.

நமக்கும் ஒரு தேர்வாளர் குழு உண்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க. அதில் ஏற்காடு சட்டமன்ற உறுப்பினரின் ஒரு வாக்கின் மதிப்பு 176. இதைக் கணக்குப் பாடமாகவே செய்யலாம். 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து, மீண்டும் 1000-ஆல் வகுத்தால் 176. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. அமெரிக்காவில் செனட் இடங்களும் தேர்வாளர் கணக்கில் சேர்வதால் சிறு மாநிலங்களுக்குக் கூடுதல் எடை கிடைக்கிறது. நம் முறை மக்கள்தொகையை ஒட்டியே போகிறது.

"நமக்குச் சலுகையா கொடுத்த சீட்டு"

கடைசியாக, நான் திட்டமிடாத ஒரு பேச்சு. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டே: ஏற்காடும் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலமும். இதைச் சொன்னபோது மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் தலையைக் குனிந்தபடி, "அது நமக்குச் சலுகையா கொடுத்த சீட்டுன்னு பஸ்ல பேசிக்கிட்டாங்க சார்" என்றான்.

அமெரிக்காவின் கதையை அவனுக்காகவே சொன்னேன். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை சட்டப்படி வந்தது 1924-இல்தான். அதன் பிறகும் அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்கள் 1948 வரை அவர்களை வாக்களிக்கவிடாமல் தடுத்தன. காங்கிரசில் அவர்களுக்கு ஒதுக்கீடு இல்லை. பூர்வகுடிப் பெண்கள் காங்கிரசுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2018-இல். அவ்வாறு வென்ற இருவரில் ஒருவரான டெப் ஹாலண்ட் 2021-இல் உள்துறைச் செயலரானார். பூர்வகுடிகளின் நிலங்கள் தொடர்பான துறை அதுதான். அதிகாரப் பிரிவினையால் அவர் தன் காங்கிரஸ் இடத்தை விட வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு 2021 ஜூனில் இடைத்தேர்தல் நடந்தது. முதல் நாள் பாடம் இங்கே மீண்டும் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே வயதுவந்த எல்லோருக்கும் வாக்கு. பழங்குடியினருக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 330, 332 ஆகிய பிரிவுகள் சொல்கின்றன. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை அரசியலமைப்பு உறுதிசெய்கிறது. பங்குக்குப் பெயர் சலுகை அல்ல.

ஆனால் பிள்ளைகளிடம் பாதி உண்மையை மட்டும் சொல்லக் கூடாது. தனித் தொகுதியில் போட்டியிடுபவர்தான் பழங்குடியினராக இருக்க வேண்டும், வாக்களிப்பவர்கள் எல்லோரும். ஏற்காடு தொகுதி மலையோடு நிற்காமல் வாழப்பாடி சமவெளி, கருமந்துறை வரை போகிறது. நாடாளுமன்றத்துக்கு இது கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்ந்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பட்டியல் பகுதிகள் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் தனி அதிகாரங்கள் இங்கே பொருந்தாது. அமெரிக்காவிலோ அவையில் ஒதுக்கீடு இல்லாவிட்டாலும், 570-க்கு மேற்பட்ட பூர்வகுடி அரசுகளை ஒன்றிய அரசு அங்கீகரித்திருக்கிறது. தங்களுக்கென மன்றங்களும் நீதிமன்றங்களும் வைத்திருப்பவை அவற்றில் உண்டு. ஓரிடத்தில் அவைக்குள் இடம். இன்னோரிடத்தில் தம் நிலத்தில் தன்னாட்சி. எது மேல் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். அந்த விவாதம் மணி அடித்தும் முடியவில்லை. தலை குனிந்திருந்த மாணவன்தான் அதிகம் பேசினான்.

சக ஆசிரியர்களுக்கு

உங்கள் ஊருக்கும் ஓர் இடைத்தேர்தலோ, ஒரு வழக்கோ, ஒரு தனித் தொகுதியோ இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் இல்லாமலே இந்தப் பாடத்தை முழுமையாக நடத்த முடியும். எண்களும் விதிகளும் போதும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, மறுநாள் பார்த்து வந்து சொல்லுங்கள். தவறாகச் சொல்லியிருந்தால் அதே வகுப்பில் திருத்துங்கள்.

இன்னொன்று. 17 வயது நிறைந்தவர்கள் இப்போது முன்கூட்டியே படிவம் 6 கொடுத்துவைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உண்டு. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். அந்த முதல் கேள்வியைக் கேட்ட மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். சென்ற மாதம் மதிய இடைவேளையில் வந்து, படிவத்தில் தொகுதியின் பெயரை எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். "ஏற்காடு" என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் "ப.கு." என்று அவளே சேர்த்தாள்.